அரிசிச் சாக்கில் தைத்த செடிப்பை இரண்டே மாதத்தில் தையல் விட்டுப்போகிறது, என்ன நூல் போடுவது?

ஆனையூர் மாடிவீடு – ஜூன் 9

எல்லோருக்கும் வணக்கம். தையலும் தோட்டமும் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

வீட்டில் 25 கிலோ அரிசிச் சாக்கு பதினாறு சேர்ந்திருந்தது. கடையில் செடிப்பை வாங்குவானேன் என்று, அம்மாவின் பழைய கால்மிதி மெஷினை எண்ணெய் போட்டு எடுத்து, சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு பன்னிரண்டு பை தைத்தேன். சாக்கைப் பாதியாக வெட்டி, அடியில் ஒரு தையல், அவ்வளவுதான். வெண்டை, கத்தரி, மிளகாய் வைத்தேன். வெயிலிலும் நன்றாகவே வந்தன.

போன வாரம் தண்ணீர் ஊற்றும்போதே ஒரு பையின் அடி பிளந்து மண் முழுவதும் மாடியில் கொட்டிவிட்டது. காய்த்துக்கொண்டிருந்த வெண்டைச் செடி வேர் அறுந்து போனது. மறுநாள் இன்னும் மூன்று பை. சாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நூல்தான் ஈரப் பஞ்சு மாதிரி கையோடு வருகிறது. ஜாக்கெட் தைக்கும் வெள்ளை நூல்கண்டுதான் போட்டிருந்தேன். மனசே ஆறவில்லை. ஆடிப்பட்டத்துக்கு முன் திரும்பத் தைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்வி. உறவில் ஒரு காதணி விழாவுக்கு வைத்த பெரிய பிளக்ஸ் பேனர் எங்கள் வீட்டில் கிடக்கிறது. அதில் பை தைத்தால் கிழியாது என்கிறார் வீட்டுக்காரர். தைக்கலாமா? அப்புறம் அம்மா கட்டிய சுங்குடிச் சேலைகள் ஏழு, நடுவில் நைந்து கிடக்கின்றன. தூக்கிப்போட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

புதுமண்டபத்து மகள் – ஜூன் 9

உங்கள் வெள்ளை நூல் பருத்தி நூலாக இருந்திருக்கும். ஈரமும் எருவும் சேர்ந்த மண்ணில் பருத்தி மக்கத்தான் செய்யும். மண்ணுக்கு அது இன்னொரு இலைதழை. பாலியெஸ்டர் நூல் வாங்குங்கள். வீட்டில் கிடக்கும் கண்டு எது என்று தெரியவில்லையா, ஒரு சாண் இழையை அறுத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி நுனியில் கெட்டியாக ஒரு மணி கட்டும். நைலான் நூல் இன்னும் பலம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் வெயிலில் கிடக்கும் சாமானுக்குப் பாலியெஸ்டர்தான் அதிக நாள் நிற்கும்.

நூல் மட்டும் காரணம் இல்லை என்றும் நினைக்கிறேன். ஜாக்கெட் தைக்கிற அதே தையல் நீளத்தில் ஓட்டியிருப்பீர்கள். அங்குலத்துக்கு 10, 12 தையல் துணிக்குச் சரி. சாக்குக்கு 6 அல்லது 7 போதும். நெருக்கிக் குத்தினால் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசையாகி, பாரம் இழுக்கும்போது அந்த வரிசையிலேயே கிழியும். ஊசி 16-ஆம் நம்பர் போடுங்கள்.

சாக்கு என்பது குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பிளாஸ்டிக் நாடாதான். வெட்டிய ஓரம் தானாகப் பிரிந்துகொண்டே போகும். அதனால் ஓரத்தை இரண்டு தடவை மடித்து, மடிப்பின் மேல் ஒரு தையல், அதற்குக் கால் அங்குலம் தள்ளி இன்னொரு தையல். ஆரம்பத்திலும் முடிவிலும் நாலு தையல் பின்னோக்கி ஓட்டிப் பூட்டிவிடுங்கள். இன்னொன்று. சாக்கின் அடியில் ஆலையில் போட்டிருப்பது சங்கிலித் தையல். எங்காவது ஒரு இழை அறுந்தால் சரசரவென்று முழுவதும் பிரியும். சாக்கு திறக்கும்போது நாம் உருவுகிறோமே, அதே தையல்தான். அதை நம்பாமல் அதற்கு மேலே உங்கள் தையலைப் போடுங்கள்.

அடி தட்டையாக உட்கார வேண்டுமா, அடித்தையல் முடிந்ததும் பையைத் திருப்பி, ஒவ்வொரு மூலையையும் முக்கோணமாகப் பிடித்து, நுனியிலிருந்து நாலு விரற்கடை உள்ளே தள்ளிக் குறுக்காகத் தையுங்கள். மூலையை வெட்டாதீர்கள், அப்படியே அடியில் மடிந்து கிடக்கட்டும். பை சாயாமல் நிற்கும். பாரமும் ஒரே கோட்டில் இறங்காது.

தைத்து முடித்ததும் கீழ்நூல் இருக்கும் பாபின் பெட்டியைக் கழற்றி, பழைய பல்துலக்கியால் தூசியைத் தட்டி, துளைகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சாக்கில் இருக்கும் தவிட்டுத் தூசி மெஷினுக்குள் போனால் எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகிவிடும். அம்மாவின் மெஷின் என்கிறீர்கள், அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

என் அப்பா மீனாட்சி கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்தில் மெஷின் போட்டிருந்தவர். கல்தூண் நிழலில் உட்கார்ந்து அவர் தைப்பதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும், கோயில் பக்கம் போனால் என் காது மெஷின் சத்தத்தைத்தான் தேடுகிறது.

சேலை பற்றி நாளை எழுதுகிறேன். அது ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை.

ஒத்தக்கடை நாற்றங்கால் – ஜூன் 10

அக்கா தையல் பற்றிச் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. மண் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

சாக்கின் அகலம் 50 செ.மீ. என்றால் சுற்றளவு 100. மண் நிரப்பினால் விட்டம் சுமார் 32 செ.மீ. வரும். 30 செ.மீ. உயரம் மண் போட்டால் 24 லிட்டர். வெண்டை, கத்தரி, மிளகாய்க்கு இது தாராளம். ஆனால் வெறும் மண்ணைப் போட்டு நனைத்தால் ஒரு பை 35 கிலோவைத் தாண்டும். பன்னிரண்டு பையும் சேர்ந்தால் 400 கிலோவுக்கு மேல். உங்கள் தையல் விட்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு மண், ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு மக்கிய எரு போடுங்கள், பாரம் நன்றாகக் குறையும். நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள், அதில் உப்பு இருக்கும். பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் வருகிற ஓரங்களில் வரிசையாக வையுங்கள்.

மண் எங்கே எடுத்தீர்கள்? திருமங்கலம் பக்கத்துக் கரிசல் என்றால் பைக்குள் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் தண்ணீரை விடாது. செம்மண் நல்லது. கண்மாய் வண்டல் கிடைத்தால் கொஞ்சமாகக் கலந்துகொள்ளலாம்.

வடிகால் ஓட்டையைக் கத்தரிக்கோலால் போடாதீர்கள், அங்கிருந்தும் பிரியும். ஊதுபத்தியைக் கொளுத்தி அதன் கங்கால் தொட்டால் ஓட்டை விழும், ஓரமும் உருகி ஒட்டிக்கொள்ளும். வெளியே காற்றோட்டத்தில் நின்று செய்யுங்கள். அடியில் மட்டும் போட்டால் தரையோடு அடைபடும். தரையிலிருந்து இரண்டு விரல் மேலே பக்கவாட்டில் ஆறு ஓட்டை போடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். மதுரை வெயிலில் அரிசிச் சாக்கு ஒரு வருடம் தாங்கினால் பெரிது. அப்புறம் தொட்டால் தூளாக உதிரும். அந்தத் தூள் மண்ணில் கலந்தால் பொறுக்கி எடுக்கவே முடியாது. நூலை மாற்றினாலும் இந்தப் பிரச்சினை இருக்கும். அதனால் சாக்கின் மேல் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனையூர் மாடிவீடு – ஜூன் 10

தம்பி, மண் கீழே வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கினேன், செம்மண்தான். வேறெதுவும் கலக்கவில்லை. ஒரு ஆளாகத் தூக்க முடியாமல் இருந்தது இப்போது புரிகிறது.

வெயில் படாமல் வைப்பது எப்படி? மாடியில் நிழலே இல்லை.

புதுமண்டபத்து மகள் – ஜூன் 10

பைக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டுவிடுங்கள்! நான் சேலை பற்றி எழுத வந்ததும் இதற்குத்தான்.

மேலும் கீழும் திறந்த ஒரு குழாய் மாதிரி துணி. சுற்றளவு 100 செ.மீ. பைக்கு 106 வெட்டினால் தையலுக்குப் போக வழுக்கென்று ஏறும். உயரம் 40. மேல் ஓரத்தில் நாடா கோர்க்க ஒரு மடிப்பு விட்டு, இழுத்துக் கட்டிவிடலாம். நைந்தால் கழற்றி வேறு மாட்டலாம். சாக்கு உள்ளே பத்திரமாக இருக்கும். பழைய லுங்கி, போர்வை, திரைச்சீலை, பேண்ட் கால், எதுவும் ஆகும். இரண்டு பேண்ட் கால்களைப் பக்கத் தையல் பிரித்து ஒட்டினால் ஒரு பைக்குச் சரியாக வரும். ஜீன்ஸ் என்றால் ஊசி 18, தடித்த மடிப்பு வரும் இடத்தில் கையால் சக்கரத்தைச் சுற்றி ஓட்டுங்கள்.

ஆனால் சுங்குடியை இதற்கு முதலில் வெட்டாதீர்கள். அம்மா கட்டிய சேலை என்கிறீர்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புள்ளி ஒன்றுபோல் இருக்காது. சின்னதும் பெரிதுமாக, வட்டம் கொஞ்சம் கோணலாக இருக்கும். சௌராஷ்டிரப் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாகக் கட்டியது அது. அச்சில் போட்டது அச்சு பிசகாமல் இருக்கும். கட்டுச் சுங்குடி உங்களிடம் ஒன்று இருந்தாலும் அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

மற்றவற்றில், சேலை எப்போதும் நடுவில்தான், உட்கார்ந்து எழும் இடத்தில்தான், நைகிறது. முந்தானையும், உள்ளே சொருகுகிற பக்கமும் புதிதாகவே இருக்கும். நல்ல பாகத்தைத் தலையணை உறை, பிள்ளைகளுக்குப் பாவாடை என்று தைத்துவிடுங்கள். இரண்டு சேலையின் நல்ல பாகங்களை நாலு மடிப்பாக வைத்து, கையால் ஓட்டுத்தையல் போட்டால் ஒரு போர்வை. எத்தனை தடவை துவைத்த பருத்தி! கோடையில் அதற்கு ஈடான போர்வையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உடுத்த, படுக்க, துடைக்க என்று பயன்பட்ட பிறகு மிஞ்சுவதுதான் தோட்டத்துக்கு. எங்கள் வீட்டில் இந்த வரிசை மாறாது.

வில்லாபுரம் மல்லி – ஜூன் 11

பிளக்ஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் இரண்டு வருடமாக பிளக்ஸ் பையில்தான் கத்தரியும் தக்காளியும் வைக்கிறேன். ஒன்றுகூடக் கிழியவில்லை. ஊரில் எந்தத் தெருவில் பார்த்தாலும் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று பேனர். விசேஷம் முடிந்ததும் சும்மா தருவார்கள். தைக்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் ஃபுட்டில் ஒட்டிக்கொண்டு நகராது. அதற்கு மேலே ஒரு தினசரித்தாள் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். தாராளமாகத் தையுங்கள்.

செல்லூர் அச்சகம் – ஜூன் 11

அண்ணே, நான் பிளக்ஸ் அடிக்கிற தொழிலில் இருப்பவன். நீங்கள் உறுதி பற்றிச் சொல்வது உண்மை. உள்ளே பாலியெஸ்டர் வலை, அதன் இரண்டு பக்கமும் பி.வி.சி. பூச்சு. லேசில் கிழியாது.

ஆனால் சாப்பிடுகிற செடிக்கு நான் அதை வைக்க மாட்டேன். பி.வி.சி. இயல்பாக விறைப்பானது. சுருட்டி மடிக்கிற மாதிரி ஆவதற்கு அதில் மென்மையூட்டி ரசாயனம் நிறையச் சேர்க்கிறார்கள். அது பூச்சோடு இறுகப் பிணைந்து இருப்பதில்லை, நாளாக நாளாக வெளியேறும். புது பிளக்ஸ் சுருளைப் பிரித்தால் வரும் வாடை உங்களுக்கும் தெரியும். வெயிலில் கிடந்த பேனர் ஒரு வருடத்தில் விறைத்து, மடித்த இடத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்வதையும் பார்த்திருப்பீர்கள். உதிர்ந்தது எங்கே போகிறது? அந்த மண்ணில்தானே. அச்சு மையும் சாப்பாட்டுக்கு ஆனது இல்லை. நானே அடித்து விற்கிறேன், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பையின் கீழே தரையில் விரிக்க, விறகு மூட, மழைக்கு மெஷினை மூட, வண்டி மேல் போட என்று ஆயிரம் வேலைக்கு ஆகும். அதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வில்லாபுரம் மல்லி – ஜூன் 11

இரண்டு வருடமாக அதில் விளைந்ததைத்தான் சாப்பிடுகிறோம், எங்களுக்கு ஒன்றும் இல்லை.

ஒத்தக்கடை நாற்றங்கால் – ஜூன் 11

அண்ணே, உடனே ஒன்றும் ஆகாது என்பது சரி. ஆனால் சும்மா கிடைக்கும் அரிசிச் சாக்கும் பழைய பெயிண்ட் வாளியும் இருக்கும்போது சந்தேகமான பொருளில் ஏன் சாப்பாட்டுச் செடி? பெயிண்ட் வாளி என்றாலும் தண்ணீரில் கரையும் பெயிண்ட் வந்த வாளி, உரித்துக் கழுவியது மட்டும். பூச்சிமருந்து வந்த எதுவும் கூடாது, எத்தனை தடவை கழுவினாலும் கூடாது. சிமெண்ட் சாக்கு என்றால் உள்ளே வெளியே நன்றாக அலசுங்கள். சிமெண்ட் தூள் மண்ணில் காரத்தன்மையைக் கூட்டும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

உங்கள் பெயரிலேயே மல்லி இருக்கிறது. பிளக்ஸ் பையை அதற்குக் கொடுத்துவிடுங்கள். பூவை யாரும் சாப்பிடப் போவதில்லை.

வில்லாபுரம் மல்லி – ஜூன் 12

சரி தம்பி, இது எனக்குப் பிடித்திருக்கிறது. நாலு மல்லிச் செடி மண்தொட்டியில் இருக்கிறது. இந்தப் பருவக் கத்தரி முடிந்ததும் மாற்றிவிடுகிறேன். அந்தப் பழைய மண்ணையும் மல்லிக்கே போட்டுவிடுகிறேன்.

மேலூர் பேத்தி – ஜூன் 14

அப்பத்தாவுக்கு இங்கே எல்லோரும் எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

நைந்த சேலையை இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கிழித்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். தக்காளி, கத்தரி, பாகல் கொடி கட்டுவதற்குச் சணல் கயிறு போட்டால் தண்டு பெருக்கும்போது அறுத்துவிடும். பருத்தித் துணி விட்டுக்கொடுக்கும், பருவம் முடியும்போது அதுவும் மக்கும். எட்டுப் போட்ட மாதிரி கம்பைச் சுற்றித் தண்டைச் சுற்றிக் கட்டச் சொல்கிறார். மூன்று கீற்றைப் பின்னினால் பீர்க்கை, புடலைப் பந்தலுக்குக் கயிறு.

சித்திரை, வைகாசியில் நாற்றுக்கு மேலே ஒற்றைச் சேலை கட்டலாம். ஆடியில் கட்டாதே என்கிறார். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், சேலை நாற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமாம்.

அப்புறம் விதை. உள்ளங்கை அளவு துணியில் சுருக்குப்பை தைத்து, நன்றாகக் காய்ந்த விதையோடு ஒரு பிடி சாம்பல், இரண்டு மூன்று காய்ந்த வேப்பிலை போட்டுக் கட்டித் தொங்கவிட வேண்டும். துணி மூச்சு விடும், பிளாஸ்டிக் கவரில் போட்டால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும் என்கிறார். சீனியவரை (கொத்தவரை), வெண்டை, அரைக்கீரை எல்லாம் எங்கள் வீட்டில் அப்படித்தான். எந்தச் சேலைத் துணியில் எந்த விதை என்று வைத்துக்கொண்டால் எழுதிக்கூட ஒட்ட வேண்டியதில்லை. அப்பத்தாவுக்கு நீலப் புள்ளி என்றால் வெண்டை.

ஒத்தக்கடை நாற்றங்கால் – ஜூன் 14

அப்பத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒரே ஒரு குறிப்பு: பாக்கெட்டில் வீரிய ஒட்டு விதை என்று போட்டு விற்பதிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. நாட்டு ரகத்தில்தான் எடுத்து வைக்க வேண்டும்.

ஆனையூர் மாடிவீடு – ஜூன் 20

இன்னொரு சந்தேகம். மீதமான செடிகளில் இலை ஓரம் கருகுகிறது, மண் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா? தண்ணீர் வீணாகக் கூடாது என்று ஆர்.ஓ. மெஷினில் கழியும் தண்ணீரைத்தான் முழுக்க ஊற்றுகிறேன்.

ஒத்தக்கடை நாற்றங்கால் – ஜூன் 20

பூஞ்சை இல்லை அக்கா, உப்பு. ஆர்.ஓ. மெஷின் உப்பைப் பிரித்து அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் தள்ளுகிறது. ஏற்கெனவே உப்பான போர்த் தண்ணீர் என்றால் அது இன்னும் கெட்டியாகி வரும். அதை மாடி கழுவ, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே பூத்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரை ஓட்டை வழியாக வடிகிற அளவுக்கு இரண்டு தடவை விடுங்கள். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீர் ஊற்றலாம். ஏசியில் சொட்டுகிற தண்ணீரில் உப்பே இருக்காது, அதையும் பிடித்து ஊற்றலாம்.

ஊருக்குப் போகும்போது தண்ணீருக்குப் பழைய வேட்டிக் கிழிசலைத் திரியாக முறுக்கி, ஒரு நுனியைத் தண்ணீர் வாளியிலும் மறு நுனியை மண்ணில் நாலு விரல் ஆழத்திலும் புதையுங்கள். வாளி பையைவிட உயரத்தில் இருக்கட்டும். இரண்டு மூன்று நாள் தாங்கும். பருத்தி வேட்டியாக இருக்கட்டும்.

ஆனையூர் மாடிவீடு – ஜூலை 27

பன்னிரண்டு பையும் தைத்து முடித்துவிட்டேன். பாலியெஸ்டர் நூல், ஊசி 16, இரண்டு வரிசைத் தையல், மூலை முக்கோணம் எல்லாம் அக்கா சொன்னபடி. தம்பி சொன்ன கலவை போட்டதும் ஒரு பையை நானே தனியாக நகர்த்த முடிகிறது. ஆறு பைக்கு ஜீன்ஸ் சட்டை, ஆறுக்குப் பழைய போர்வைச் சட்டை. பிளக்ஸைத் தரையில் விரித்திருக்கிறேன். ஆடி பிறந்து பத்து நாள் ஆகிறது. நேற்று வெண்டையும் சீனியவரையும் ஊன்றினேன். கத்தரி நாற்று தனியாகப் பாவியிருக்கிறேன்.

சேலைகளை வெளிச்சத்தில் பார்த்தேன் அக்கா. அரக்குச் சேலை ஒன்று, புள்ளி எல்லாம் கோணல் மாணலாக. அது பீரோவுக்குப் போய்விட்டது. இரண்டில் போர்வை தைக்க ஆரம்பித்திருக்கிறேன்.

ஆனையூர் மாடிவீடு – நவம்பர் 16

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ஒரு பைகூடத் தையல் விடவில்லை. அடுத்து தைப்பவர்களுக்காக இரண்டு விஷயம் எழுதுகிறேன்.

ஜீன்ஸ் சட்டை மழையில் நனைந்தால் மூன்று நாள் ஆனாலும் காயவில்லை. பச்சையாகப் பாசி பிடித்து, நத்தை வந்து ஒட்டிக்கொண்டது. போர்வைச் சட்டை மறுநாளே காய்ந்தது. அதனால் ஜீன்ஸை வெயில் காலத்துக்கு வைத்துக்கொண்டு, மழைக்கு முன் கழற்றிவிடுவது நல்லது. அப்புறம், பிளக்ஸ் மேலேயே பையை வைத்ததில் தண்ணீர் தேங்கி அடி ஊறியது. இப்போது உடைந்த ஓட்டுத்துண்டுகளைக் கீழே கொடுத்து உயர்த்திவிட்டேன்.

வெண்டை செப்டம்பர் நடுவில் காய்க்க ஆரம்பித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குழம்புக்கு ஆனது. கத்தரியில் மாவுப்பூச்சி வந்தது. லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் அடித்ததும் அடங்கியது. போர்வை முடிந்துவிட்டது. என் மகள் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாள்.

மேலூர் பேத்தி, அப்பத்தாவிடம் சொல்லுங்கள். ஒரு சீனியவரைச் செடியை விதைக்கென்றே விட்டு, காய்ந்த நெற்றை நேற்று உடைத்தேன். அம்மாவின் பச்சைச் சேலைத் துணியில் சுருக்குப்பை தைத்துக் கட்டி வைத்திருக்கிறேன். பச்சை என்றால் சீனியவரை.

மேலூர் பேத்தி – நவம்பர் 17

படித்துக் காட்டினேன். சாம்பல் போட்டீர்களா என்று கேட்கிறார்.

ஆனையூர் மாடிவீடு – நவம்பர் 17

போட்டேன். வேப்பிலையும் மூன்று.